சாமி கண்ணைக் குத்துவாரா?

(திருக்குடும்பத் திருவிழா ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



கிறிஸ்து பிறப்பு விழா முடிந்து வருகிற ஞாயிறு இது. உங்கள் வீட்டுக் குடிலை இன்னும் கலைத்திருக்க மாட்டீர்கள். களிமண் ஆடு ஒன்றுக்குக் கால் உடைந்திருக்கும். வைக்கோலில் பூனை படுத்த தடம் இருக்கும். வீட்டுக் கடைக்குட்டி மூன்று அரசர்களையும் ஒட்டகத்தையும் தினமும் நாலு தடவை இடம் மாற்றி வைத்திருப்பான். இன்னும் சில நாளில் எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிடுவோம். அதற்கு முன் ஒரு கேள்வி. அந்தத் தீவனத் தொட்டியில் கிடப்பது பொம்மையா, தன் அம்மாவும் அப்பாவும் வணங்குகிற ஆண்டவரா என்பதை அந்தப் பிள்ளை எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பான்?

இன்றைய நற்செய்தியில் லூக்கா நமக்குக் காட்டுவது தொட்டியில் கிடந்த குழந்தையை அல்ல, 12 வயதுச் சிறுவரை. பாஸ்கா விழாவுக்காக நாசரேத்திலிருந்து எருசலேமுக்குப் போகிறார்கள். 100 கிலோமீட்டருக்கும் மேலான தூரம். பஸ் இல்லை, ரயில் இல்லை, கால்நடைதான். போக நாலைந்து நாள், விழா நாட்கள், திரும்பி வர நாலைந்து நாள். தச்சு வேலை செய்து பிழைக்கிற குடும்பத்துக்கு இத்தனை நாள் வருமானம் நின்றுபோகும். ஆண்கள் ஆண்டுக்கு மூன்று முறை ஆண்டவர் திருமுன் வரவேண்டும் என்பது மோசேயின் சட்டம். பெண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் மரியா போகிறார். அவர்கள் இப்படி ஆண்டு தவறாமல் போய்வந்தார்கள் என்று லூக்கா சொல்வதைக் காணாமற்போன பரபரப்பில் நாம் கவனிக்காமலே கடந்துவிடுகிறோம். இயேசு இறைமகன், ஆயினும் மனிதராக ஞானத்தில் வளர்ந்தார் என்று அதே லூக்கா எழுதுகிறார். ஆலயத்தைத் தம் தந்தையின் இல்லம் என்று உரிமையோடு சொன்ன அந்தச் சிறுவர், அந்த இல்லத்துக்கு வழி எது என்பதை மரியாவும் யோசேப்பும் புழுதியில் நடந்த நடையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

இறையச்சம் என்று நாம் சொல்கிறோம். தூய ஆவியாரின் ஏழு கொடைகளில் அதுவும் ஒன்று. உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் கேட்டால் ஏழையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். கடைசியில் சொன்ன இறையச்சம் என்றால் என்ன என்று கேட்டால், "கடவுளுக்குப் பயப்படுறது ஃபாதர்" என்பார்கள். ஏன் பயப்படவேண்டும்? அதற்கும் பதில் தயாராக இருக்கும். "தப்பு செஞ்சா சாமி கண்ணைக் குத்தும்."

இந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் மறைக்கல்விப் புத்தகத்தில் படிக்கவில்லை. நம் வீட்டில் கேட்டதுதான். சோறு உண்ண மறுத்தால், தம்பியைக் கிள்ளினால், பொய் சொன்னால், உடனே சாமியைக் கூப்பிடுகிறோம். பங்குச் சாமியாரையும் சும்மா விடுவதில்லை. நான் தெருவில் நடந்துபோனால், "அதோ சாமி வர்றாரு, பிடிச்சுக் குடுத்துருவேன்" என்று ஒரு அம்மா சொல்ல, அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிகிறது. பிறகு அதே பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை என்னிடம் ஆசீர்வாதம் வாங்கத் தள்ளிவிடுகிறார்கள்!

ஒரு கிராமப் பங்கில் நான் பணியாற்றியபோது நடந்ததைச் சொல்கிறேன். புதுநன்மை வகுப்புக்கு ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். அவளுடைய தாத்தா கண்புரைக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஒரு கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்திருந்தார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவள் மட்டும் தயங்கி நின்றாள். எல்லாரும் போன பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "தாத்தா என்ன பொய் சொன்னாங்க ஃபாதர்? சாமி ஏன் அவங்க கண்ணைக் குத்துனாங்க?"

வழக்கமாகத் தாத்தா பக்கத்தில்தான் படுத்துத் தூங்குவாள், கண்கட்டோடு வந்ததிலிருந்து கிட்டேயே போகவில்லை என்று பிறகு அவள் பாட்டி சொன்னார். கட்டைப் பார்த்துப் பயம் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். அவளுடைய பயம் வேறு. தாத்தாவைத் தண்டித்த ஒருவர் அந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாமல் உலாவுகிறார் என்ற பயம். நான் அவளைக் கூட்டிக்கொண்டு தாத்தாவிடமே போனேன். விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "வயசானா கண்ணுல பொரை விழும் தாயி. சாமி குத்தல. டாக்டர் கையைப் பிடிச்சு அந்தப் பொரையை எடுக்க வச்சதே சாமிதான்" என்றார். குருமடத்தில் எத்தனையோ ஆண்டுகள் இறையியல் படித்தேன். இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

புனித தாமஸ் அக்குவினாஸ் அச்சத்தைப் பற்றிப் பேசும்போது அடிமையின் அச்சம் வேறு, பிள்ளையின் அச்சம் வேறு என்று பிரிக்கிறார். அடிமை தண்டனைக்குப் பயப்படுகிறான். பிள்ளை தந்தையை நோகடித்துவிடுவோமோ, அவரைவிட்டு விலகிவிடுவோமோ என்று பயப்படுகிறான். நம் தமிழில் பயபக்தி என்று ஒரே சொல்லாகச் சேர்த்து வைத்திருக்கிறோம். அதில் பக்தியை எடுத்துவிட்டுப் பயத்தை மட்டும் பிள்ளைக்கு ஊட்டினால், அந்தப் பயம் மீசை முளைக்கும் வரைதான் நிற்கும். பொய் சொல்லியும் கண் நன்றாகவே தெரிகிறது என்று ஒருநாள் அவன் கண்டுபிடித்துவிடுவான். அன்றைக்கு அவன் தூக்கி எறிவது அந்தப் பொய்ச் சாமியை மட்டுமா? மெய்யான கடவுளையும் சேர்த்து அல்லவா எறிந்துவிடுகிறான்!

அப்படியானால் பயமுறுத்தாமல் செல்லமாக வளர்த்தால் பக்தி தானாக வந்துவிடுமா? சாமுவேல் முதல் நூலைத் திறந்து பாருங்கள். சீலோவில் ஏலி என்று ஒரு குரு. அவருடைய மகன்கள் ஓப்னி, பினகாசு. அவர்களும் குருக்களே. மக்கள் பலிகொடுத்து இறைச்சியை வேகவைக்கும்போது, அவர்களுடைய பணியாள் மூன்று பல் கொண்ட பெரிய முள்கரண்டியோடு வந்து பானைக்குள் குத்துவான், வந்ததெல்லாம் அவர்களுக்கு. ஆண்டவருக்கு உரிய கொழுப்பை எரிப்பதற்கு முன்பே பச்சை இறைச்சியைப் பிடுங்குவதும் உண்டு. ஏலிக்கு இது தெரியும். கேட்டும் பார்த்தார். "வேண்டாம்பா, ஊரெல்லாம் பேசுறாங்க" என்கிற தோரணையில் கேட்டார். அதற்குமேல் போகவில்லை. கடவுள் ஏலிமேல் வைத்த குற்றச்சாட்டைக் கவனியுங்கள்: என்னைவிட உன் மகன்களை நீ மேலாக மதித்தாய் என்பதுதான் அது. அதே ஆலயத்துக்கு அன்னா தன் ஒரே பிள்ளையைக் கொண்டுவருகிறார். ஆண்டுக்கணக்காய் அழுது பெற்ற பிள்ளை. இவன் உமக்குரியவன் என்று ஆண்டவரிடம் ஒப்படைக்கிறார். ஒரே கூரையின் கீழ் இரண்டு விதமான பெற்றோர். அந்தக் கூரையின் கீழ் இரவில் ஆண்டவர் கூப்பிட்ட குரல் சாமுவேலுக்குக் கேட்டது.

இன்று நம் வீடுகளில் ஏலியின் கதை ஞாயிற்றுக்கிழமை டியூஷன் உருவத்தில் வருகிறது. "பரீட்சை இருக்குது, இன்னைக்குப் பூசைக்கு வேண்டாம், உக்காந்து படி" என்கிறோம். அக்கறையில்தான் சொல்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும்? இந்த வீட்டில் கடவுளைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது, அது என்னுடைய மதிப்பெண் என்றுதான் கேட்கும். தேர்வுக்கு முந்தின ஞாயிறு அதே பிள்ளை பேனாவை மந்திரிக்க வருவான். நானும் மகிழ்ச்சியாகவே மந்திரித்துக் கொடுப்பேன். ஆனால் அவனுக்குக் கடவுள் யாராகத் தெரிகிறார்? தேவைப்படும்போது கூப்பிட்டால் வந்து வேலையை முடித்துவிட்டுப் போகிற ஆளாகத்தானே?

பிரான்சு நாட்டில் அலான்சோன் என்ற ஊரில் லூயி மார்ட்டின் கடிகாரக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்க மாட்டார். மற்றவர்கள் திறக்கிறார்களே, வியாபாரம் போகிறதே என்று நண்பர்கள் சொல்லியும் கேட்கவில்லை. அவருக்கும் அவருடைய மனைவி செலிக்கும் ஒன்பது பிள்ளைகள். நால்வரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்தார்கள். கடைக்குட்டிதான் நம் குழந்தை இயேசுவின் புனித தெரேசா. தாய் இறந்தபோது அந்தப் பிள்ளைக்கு வயது 4. பின்னாளில் தன் வாழ்க்கையை எழுதும்போது, கோயிலில் பிரசங்கம் நடக்கும் நேரத்தில் பிரசங்கியாரைவிடத் தன் அப்பாவின் முகத்தையே அதிகம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். பிரசங்கம் செய்கிற எங்களுக்குக் கொஞ்சம் வருத்தமான செய்திதான். ஆனால் உண்மை அது. 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தாய் தந்தை இருவரையும் ஒன்றாகப் புனிதர்களாக உயர்த்தினார். கணவனும் மனைவியுமாக ஒரே நேரத்தில் ஒரு தம்பதியர் புனிதர் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை.

புனித இரண்டாம் ஜான் பாலும் தன் அப்பாவைப் பற்றி இப்படித்தான் எழுதியிருக்கிறார். 1929இல் தாய் இறந்தபோது அவருக்கு இன்னும் ஒன்பது வயது நிறையவில்லை. அப்பா ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி, கண்டிப்பானவர். சில நாள் நடு இரவில் பையனுக்கு விழிப்பு வரும். பார்த்தால் அப்பா தரையில் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருப்பார். குருவாவதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் அந்த வீடுதான் தனக்கு ஒருவகையில் முதல் குருமடம் என்று திருத்தந்தையான பிறகு நினைவுகூர்ந்தார்.

அன்பார்ந்த தந்தையரே, உங்களைத் தனியாகக் கேட்கிறேன். நீங்கள் முழந்தாளிட்டதை உங்கள் பிள்ளை எப்போதாவது பார்த்திருக்கிறதா? நம் வீடுகளில் செபமாலை பெண்கள் வேலையாகிவிட்டது. உள்ளே அம்மாவும் பாட்டியும் "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டிருக்க, அப்பா திண்ணையில் செல்போனோடு இருக்கிறார். பூசைக்கு வந்தாலும் கோயிலுக்குள் வருவதில்லை. வேப்பமரத்தடியில் வண்டியில் சாய்ந்தபடி நின்று, நற்கருணை நேரத்துக்கு எட்டிப் பார்க்கிறார். பையனுக்குப் பதினைந்து வயது ஆனதும் அவனும் அம்மா பக்கத்திலிருந்து எழுந்து அந்த மரத்தடிக்குப் போகிறான். "இப்பல்லாம் பசங்களுக்கு பக்தி இல்ல ஃபாதர்" என்று என்னிடம் வருத்தப்படுகிறார்கள். ஆண்பிள்ளைக்கு உரிய இடம் இது என்று நாம் காட்டிய இடத்துக்குத்தானே அவன் போயிருக்கிறான்?

கோயிலில் கைக்குழந்தை அழுதால் திரும்பித் திரும்பி முறைக்கிறவர்களும் உண்டு. அழட்டும். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடாமல் தடுத்தவர்கள்மேல்தான் இயேசு கோபப்பட்டார். பிள்ளைகளை முன்வரிசையில், பீடம் தெரிகிற இடத்தில் உட்கார வையுங்கள். பின்னால் உட்காரும் பிள்ளைக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகுதான். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருக்க யாரால் முடியும்?

இன்னொன்று. பிள்ளையின் செபத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். புனித அகுஸ்தினார் தன் சிறுவயதை நினைவுகூரும்போது ஒன்று எழுதுகிறார். பள்ளியில் அடி வாங்கக்கூடாது என்று கடவுளிடம் மன்றாடினாராம். சின்னப் பையன்தான், ஆனால் சின்ன வேண்டுதல் இல்லை, உயிரைப் பிழிந்து கேட்டேன் என்கிற பொருளில் எழுதுகிறார். பெரியவர்கள் சிரித்தார்கள், பெற்றோரும் சிரித்தார்கள். புனித மோனிக்காவின் வீட்டில் இது நடந்தது என்றால் நம் வீட்டில் நடக்காமலா இருக்கும்? அதை எழுதும்போது அகுஸ்தினார் ஆயராக இருந்தார், நாற்பது வயதைக் கடந்தவர். அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. ஆனால் அதே மோனிக்கா தாய்ப்பாலோடு ஊட்டிய இயேசுவின் பெயரையும் அவர் மறக்கவில்லை. 19 வயதில் சிசரோவின் நூல் ஒன்றைப் படித்து மயங்கிப்போனபோது, அதில் அந்தப் பெயர் இல்லையே என்ற ஒரு குறை மட்டும் அவரை உறுத்தியது. ஒன்பது ஆண்டுகள் மணிக்கேயரோடு அலைந்தவரிடம்கூட அந்தப் பெயர் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாம் வேறு விதத்திலும் சிரிக்கிறோம். விருந்தாளி வந்தால், "ஃபாதருக்கு அருள் நிறைந்த மரியே சொல்லிக் காட்டு" என்று பிள்ளையை நிறுத்துகிறோம். அது திக்கித் திணறினால் எல்லாரும் சிரிக்கிறோம், சரியாகச் சொன்னால் கைதட்டுகிறோம். நாங்கள் வந்தால் சேர்ந்து செபியுங்கள். செபித்துக் காட்டவேண்டாம். ஆண்டவரின் பெயரிலும் கொஞ்சம் கவனம் வையுங்கள். கடன்காரர் வாசலில் நிற்கும்போது, "மாதா சத்தியமா வீட்டுல காசு இல்ல" என்று சொல்லிவிட்டு, இரவில் அதே மாதா சுரூபத்துக்கு முன் பிள்ளையைக் கைகூப்பச் சொன்னால் அது எதை நம்பும்?

பாஸ்கா விழாவைப் பற்றி விடுதலைப் பயண நூலில் மோசே சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தச் சடங்குக்கு என்ன பொருள் என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது இப்படிப் பதில் சொல்லுங்கள் என்கிறார். பிள்ளை கேட்கும் என்று எதிர்பார்த்தே அந்த விழா அமைந்திருக்கிறது. பெற்றோர் ஏதோ ஒன்றை வித்தியாசமாகச் செய்ய வேண்டும்; அதைப் பார்த்துப் பிள்ளை ஏன் என்று கேட்க வேண்டும்; அதன்பிறகுதான் விளக்கம். நாம் விளக்கத்திலேயே தொடங்குவதால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள்.

கேள்வி கேட்க வைக்கிற காரியங்கள் நம்மிடம் இல்லாமலா இருக்கிறது? சில பங்குகளில் இன்னமும் பிடி அரிசி வழக்கம் இருக்கிறது. உலையில் அரிசி போடும் முன் அம்மா ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். வார முடிவில் அது ஏழை வீட்டுக்குப் போகும். "ஏம்மா அரிசியை எடுத்து வைக்கிறே, நமக்கே பத்தலன்னு சொன்னியே?" என்று ஒருநாள் பிள்ளை கேட்கும். அந்த அடுப்படியில் நின்றபடி அம்மா சொல்கிற பதிலுக்கு இணையான மறைக்கல்வி எங்கள் வகுப்பில் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்குத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு மெழுகுதிரி ஏற்றினால் அதையும் கேட்கும். சீரியலை விட்டுவிட்டு எழுந்து வரும் அளவுக்கு அங்கே யார் இருக்கிறார் என்று அதற்குத் தோன்ற வேண்டும்.

"எங்களுக்கே செபம் சரியாத் தெரியாது ஃபாதர், பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தர்றது?" என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம். புனித சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தபோது அங்கே திருமுழுக்குப் பெற்றிருந்த பரதவ மக்களுக்குச் செபம் சொல்லித்தர ஆளே இல்லை. அவருக்கும் தமிழ் வராது. இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். கட்டுமரக்காரர்கள் தங்கள் பிள்ளைகளிடம் கர்த்தர் கற்பித்த செபத்தைக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் மகள் மறைக்கல்வி வகுப்பில் கற்றுவந்த செபத்தை நீங்களும் அவளிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். அப்பா தன்னிடம் செபம் கற்கிறார் என்பதை அவள் ஆயுளுக்கும் மறக்க மாட்டாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் வயதான தாய் தந்தையர் சிலர், "எங்க பிள்ளைங்க வளர்ந்து போயிட்டாங்களே ஃபாதர்" என்று பெருமூச்சு விடுவது எனக்குத் தெரிகிறது. மகன் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறான். பூசைக்குப் போனாயா என்று கேட்டால் "ம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறான். இன்றைய நற்செய்தியில் மகன் சொன்னது மரியாவுக்கும் யோசேப்புக்கும் விளங்கவில்லை. மூன்று நாள் தேடி அலைந்து கண்டுபிடித்த பிறகும் விளங்கவில்லை. மரியா அதை மனத்தில் வைத்துக்கொண்டார். நாசரேத்துக்குத் திரும்பிப் போய் வழக்கமான வேலையைப் பார்த்தார். நீங்களும் வாராவாரம் போலீஸ்காரர்போல விசாரிக்காதீர்கள். அவன் விடுமுறைக்கு வரும்போது, தம்பி கோபப்படுவானே என்று குடும்பச் செபத்தை நிறுத்திவிடவும் வேண்டாம். அவன் அடுத்த அறையில் படுத்திருந்தால் படுத்திருக்கட்டும். சிறு வயதில் கேட்ட அதே குரலில், அதே இராகத்தில் உங்கள் செபமாலை அவன் காதில் விழட்டும்.

ஊருக்குத் திரும்ப அவன் பையைத் தூக்கும்போது, வாசலில் நிறுத்தி நெற்றியில் சிலுவை அடையாளம் போடுங்கள். பூசைக்கே போகாத பிள்ளைகள்கூட அதற்குக் குனிகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கை நடுங்கினாலும் பரவாயில்லை, போட்டு அனுப்புங்கள்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!